ஈ.சி. கெடு: எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது?

மின் நிலையம் கட்டுவதற்கு அரசு தரும் அனுமதிகளில் தலையானது சுற்றுச்சூழல் அனுமதி. ஈ.சி. என்றால்தான் பலருக்கும் புரிகிறது. அதற்குக் கெடு உண்டு என்பது தெரிந்த விஷயம்தான். எங்கிருந்து எண்ணுவது, எப்போது முடிவது, முடிந்தால் என்ன ஆவது என்பதில்தான் குழப்பம். அது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் 660 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்றுக்கு ஈ.சி. வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள், நாலு தூண் நிற்கிறது. ‘வேலையைத் தொடங்கிவிட்டோம், இனிமேல் கெடு எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்கிறார்கள். சரியா?
– வாசகி, கடலூர் மாவட்டம்

சரியில்லை. வேலை தொடங்கிய தேதிக்கும் ஈ.சி. கெடுவுக்கும் சம்பந்தமே கிடையாது. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 9ஆம் பத்தியைப் பாருங்கள். ஈ.சி. கொடுத்த நாளிலிருந்து உற்பத்தி தொடங்கும் நாள் வரை உள்ள காலத்தைத்தான் அது செல்லுபடிக் காலம் என்கிறது. நாலு தூண் என்ன, கொதிகலன் கூண்டு முழுக்க எழும்பி நின்றாலும், கெடுவுக்குள் மின்சாரம் வரவில்லை என்றால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

அடுத்து, ‘உற்பத்தி’ எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்ற சண்டை வரும். அனல் நிலையத்தில் வரிசை இது: கொதிகலனுக்கு நீரழுத்தச் சோதனை, முதல் தடவை தீ மூட்டுவது, குழாய்களுக்குள் கிடக்கும் வெல்டிங் துகளும் துருவும் போக நீராவியை ஊதிவிடுவது, ஜெனரேட்டரை கிரிட்டோடு, அதாவது பொது மின்தொகுப்போடு, ஒத்திசைய வைத்து இணைப்பது (சிங்க்ரனைஸ் செய்வது), கடைசியாக முழுச் சுமையில் 72 மணி நேரம் விடாமல் ஓட்டிக் காட்டுவது. இந்த 72 மணி ஓட்டம் தேறினால்தான் வணிக உற்பத்தித் தேதி, அதாவது சி.ஓ.டி., கிடைக்கும். தீ மூட்டும் நாளில் பூஜை போட்டு, புகைபோக்கியைப் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவது வழக்கம். அதை வைத்து நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் உற்பத்தி என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் ஊர் நிலையத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இன்றைய விதியில் அனல் நிலையத்துக்குப் பத்து வருஷம். எட்டு போக மிச்சம் 24 மாதம். கோவிட் காலம் என்று கணக்கில் சேர்க்காமல் விட்ட ஒரு வருஷம், கேட்டால் கிடைக்கக்கூடிய நீட்டிப்பு ஒரு வருஷம், ஆக மொத்தம் 48 மாதம். புது இடத்தில் 660 அல்லது 800 மெகாவாட் அலகு கட்ட, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2009 கட்டண விதிமுறை வைத்த கணக்கே 52 மாதம். இரண்டாவது அலகு இருந்தால் அதன் மேல் ஆறு மாதம். இனி அவர்கள் என்ன அவசரப்பட்டாலும் கெடுவுக்குள் முடிப்பது கடினம்.

5 வருஷம் என்று ஒருவர் சொல்கிறார், 7 என்று இன்னொருவர், 10 என்று மூன்றாமவர். எது சரி?
– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

மூன்றும் சரியாக இருந்த காலம் உண்டு. 2006 அறிவிக்கையில் அனல் நிலையத்துக்கு 5 வருஷம். 2015 ஏப்ரல் 29 திருத்தம் அதை 7 ஆக்கியது, நீட்டிப்பு 3 வருஷம் வரை. 2022 ஏப்ரல் 12 திருத்தம் 10 வருஷம் என்றது, நீட்டிப்பு 1 வருஷம். இதற்கு நடுவில் 2021 ஜனவரி 18 அன்று ஒரு திருத்தம்: 2020 ஏப்ரல் 1 முதல் 2021 மார்ச் 31 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

புதிய எண் யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் சூட்சுமம். திருத்தம் வந்த நாளில் உயிரோடு இருந்த ஈ.சி.க்கு மட்டுமே நீண்ட காலம் கிடைக்கும். முன்பே முடிந்துபோனதை எந்தத் திருத்தமும் எழுப்பாது.

இரண்டு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். 10.08.2015 தேதியிட்ட ஈ.சி. ஒன்று. அன்றைய விதிப்படி 7 வருஷம், அதாவது 09.08.2022 வரை. 12.04.2022 அன்று அது உயிரோடு இருந்தது, ஆகவே 10 வருஷமாகிறது: 09.08.2025. கோவிட் வருஷத்தைக் கழித்தால் 09.08.2026. நீட்டிப்பு கிடைத்தால் 09.08.2027. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

இன்னொன்று 09.05.2013 தேதியிட்டது, நீட்டிப்பு கேட்காதது. கொடுத்தபோது 5 வருஷம்; 2015 திருத்தத்தின்போது உயிரோடு இருந்ததால் 7 ஆகி, 08.05.2020 வரை. 2020 ஏப்ரல் 1 அன்று அதில் மிச்சம் 38 நாள். அந்த 38 நாளும் 2021 ஏப்ரல் 1 முதல் மறுபடி ஓடி, 08.05.2021 அன்று தீர்ந்தது. 2022 ஏப்ரல் திருத்தம் வந்தபோது இது போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பத்து வருஷம் என்று வாதாட இங்கே வழியில்லை.

ஈ.சி. கடிதத்திலேயே ‘5 ஆண்டுகள் செல்லும்’ என்று அச்சாகியிருக்கும், பிறகு வந்த திருத்தம் அதில் ஏறியிருக்காது. கடிதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. கடிதத்தின் தேதியையும் திருத்தங்களின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

நீட்டிப்புக்கு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது? எங்கள் திட்டத்தில் டர்பைன் வந்து இறங்கிவிட்டது. சாம்பல் குட்டைக்கான நிலம்தான் இழுபறி.
– திட்டப் பொறியாளர், தூத்துக்குடி

கெடு முடிவதற்குள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம் ஏறியிருக்க வேண்டும். கெடு முடிந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்தாலும், திட்டங்களை ஆராயும் நிபுணர் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தால் இணைச் செயலர் மட்டத்தில் தாமதத்தை மன்னிக்கலாம் என்று 2016 திருத்தம் வழி வைத்தது. ஒரு மாதம் தாண்டி மூன்று மாதத்துக்குள் என்றால் அமைச்சர் வரை போக வேண்டும். 90 நாள் தாண்டினால் மன்னிப்பு இல்லை. இந்தச் சலுகை இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பத்தை ஏற்றிவிடுவது நல்லது. நிபுணர் மதிப்பீட்டுக் குழு கூடும் தேதி உங்கள் கையில் இல்லை. ஒரு கூட்டத்தில் கூடுதல் விவரம் கேட்டுக் கோப்பைத் திருப்பினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

குழு பார்ப்பது இரண்டே விஷயம். எவ்வளவு முடிந்திருக்கிறது, மிச்சத்தை நீட்டிப்புக் காலத்துக்குள் முடிக்க முடியுமா. ‘பணிகள் விரைந்து நடைபெற்று வருகின்றன’ என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புவது வீண். கொதிகலன், டர்பைன், குளிர்விப்புக் கோபுரம், புகைபோக்கி, நிலக்கரி கையாளும் பகுதி, சாம்பல் கையாளும் பகுதி, சுவிட்ச்யார்டு என்று பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் முடிந்தது, எவ்வளவு பணம் செலவானது, எந்த மாதம் முடியும் என்று அட்டவணை கொடுங்கள். தேதியோடு எடுத்த படங்களைச் சேருங்கள். உங்கள் விஷயத்தில் சாம்பல் குட்டை நிலத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்: எத்தனை ஏக்கர் கையில் வந்தது, எத்தனை வழக்கில் இருக்கிறது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது. அதை மறைத்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். குட்டையின் இடத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் அது நீட்டிப்பு விண்ணப்பத்தில் அடங்காது. ஈ.சி. திருத்தத்துக்குத் தனியே விண்ணப்பம் போட வேண்டும்.

விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் ஆறு மாத அறிக்கை. ஈ.சி. நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை தர வேண்டும். வேலை நின்றுபோன வருஷங்களில் ‘எதுவுமே நடக்கவில்லையே, எதை அனுப்புவது’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதையே அறிக்கையாக அனுப்பியிருக்க வேண்டும். நீட்டிப்புக் கேட்கிற நேரத்தில் நாலு வருஷ அறிக்கையை ஒரே வாரத்தில் தயாரித்து ஏற்றினால் தேதி காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டு அலகில் ஒன்று ஓடத் தொடங்கி மற்றது பாதியில் இருந்தால், நீட்டிப்பு அந்த இரண்டாவது அலகுக்கு மட்டும் கேட்டால் போதும்.

கெடு முடிந்துவிட்டது, வேலை பாதியில் நிற்கிறது. இனி என்ன வழி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

முதலில் வேலையை நிறுத்த வேண்டும். ஈ.சி. இல்லாமல் நிலத்தைக் காக்க வேலி போடுவது தவிர வேறு எதுவும் கட்டக் கூடாது. கெடு முடிந்த ஈ.சி.யும் இல்லாத ஈ.சி.யும் ஒன்றுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் முன்பு சிறைத் தண்டனை இருந்தது. ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம். பெரிய கம்பெனிக்கு 15 லட்சம் ஒரு தொகையா என்று கேட்பீர்கள். அபராதத்தைவிடக் கடன் கொடுத்த வங்கிதான் அவர்களை உறுத்தும்; செல்லுபடியான அனுமதி இல்லை என்றால் அடுத்த தவணையை வங்கி நிறுத்திவிடும்.

அதன் பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொல்லும் ஆய்வு வரம்பு, அதாவது டி.ஓ.ஆர்., புதிதாக வாங்க வேண்டும். அதற்கும் கெடு இருக்கிறது: அனல் நிலையத்துக்கு 4 வருஷம், நீர்மின் திட்டத்துக்கு 5. பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் காற்று, நீர், மண், ஒலி அளவீடுகளை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்துக்குப் புதிதாக எடுக்க வேண்டும். ஈ.சி.க்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த அளவீடு மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. பழைய அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி ஒட்டுகிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நடுவில் பக்கத்தில் வேறொரு ஆலை வந்திருந்தால் அந்த வெட்டி ஒட்டும் வேலை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிறகு சுற்றுச்சூழல் தாக்க வரைவு அறிக்கை, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், இறுதி அறிக்கை, குழு.

எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத் திட்டம் இதற்குத் தெரிந்த உதாரணம். 660 மெகாவாட், ஈ.சி. கிடைத்தது 2009 ஜூனில். நீட்டிப்பும் சேர்த்து 2019 ஜூனில் கெடு முடிந்தது, கட்டுமானம் முடியவில்லை. புதிய அனுமதிக்காக 2023 ஜனவரியில் மறுபடி கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. பதினான்கு வருஷத்துக்கு முந்தைய வடசென்னை வேறு, இன்றைய வடசென்னை வேறு என்று பேச அந்த ஊர்க்காரர்களுக்கு அதனால் ஒரு மேடை கிடைத்தது.

கம்பெனியை வேறொருவர் வாங்கிவிட்டால் கெடு புதிதாகத் தொடங்குமா?
– வாசகர், ஈரோடு

தொடங்காது. அறிவிக்கையின் 11ஆம் பத்திப்படி ஈ.சி.யை அதன் செல்லுபடிக் காலத்துக்குள் பெயர் மாற்றலாம், கொடுப்பவரின் ஆட்சேபமில்லாக் கடிதத்தோடு. நிபந்தனைகளும் மாறாது, முடிவுத் தேதியும் மாறாது. விற்கும்போது ‘ஈ.சி. இருக்கிறது’ என்று விலை ஏற்றிச் சொல்வார்கள். எத்தனை மாதம் மிச்சம் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

அரசு தரப்பில் கெடு எதுவும் கிடையாதா? விண்ணப்பித்தவர்தான் எல்லாக் கெடுவையும் சுமக்க வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உண்டு. இறுதி அறிக்கை கிடைத்த 60 நாளில் குழு பரிசீலித்து முடிக்க வேண்டும், பரிந்துரை வந்த 45 நாளில் அமைச்சகம் முடிவைச் சொல்ல வேண்டும். ஆக 105 நாள். சொல்லாவிட்டால் என்ன? குழுவின் இறுதிப் பரிந்துரை என்னவோ அதுவே முடிவு என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பதாரர் நடக்கலாம் என்று அறிவிக்கையின் 8ஆம் பத்தி சொல்கிறது. குழு ‘கொடுக்கலாம்’ என்றிருந்தால் கிடைத்தது போல. ‘வேண்டாம்’ என்றிருந்தால் மறுத்தது போல. இந்த இரண்டாவது பாதியைப் பலர் படிப்பதில்லை. 105 நாள் கழிந்தால் தானாகவே அனுமதி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

காகிதத்தில் இப்படி இருந்தாலும், இந்தப் பத்தியை மட்டும் நம்பி எந்த வங்கியும் கடன் தராது. குழு கூடுதல் விவரம் கேட்டு, நீங்கள் பதில் போடாமல் இருக்கும் நாட்களும் இந்த 105இல் சேராது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு கெடு இருக்கிறது. தண்ணீர்ச் சட்டம் 1974, பிரிவு 25இன்படி விண்ணப்பித்த நாலு மாதத்துக்குள் இசைவாணை தரவோ மறுக்கவோ வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் நிபந்தனையில்லாமல் தந்ததாகவே ஆகிவிடும். அந்த நிலை வரக் கூடாது என்பதால்தான் நாலாவது மாதம் நெருங்கும்போது வாரியத்திலிருந்து ‘விண்ணப்பம் முழுமையாக இல்லை’ என்று ஒரு கடிதம் வந்து விழும்.

கிராம மக்கள் ஈ.சி.யை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எத்தனை நாள்?
– ஊராட்சி உறுப்பினர், ராமநாதபுரம் மாவட்டம்

30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். 2010 ஆம் வருஷத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அது. தமிழ்நாட்டுக்காரர்கள் போக வேண்டிய இடம் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு. 90 நாளைத் தாண்டி 91ஆம் நாள் போனால் காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் தீர்ப்பாயத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த அதிகாரமே அதற்கு இல்லை.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் நல்ல வழக்குகள் தோற்கின்றன. ஈ.சி. கிடைத்ததும் அமைச்சகம் தளத்தில் ஏற்ற வேண்டும். கம்பெனி ஏழு நாளில் உள்ளூரில் வரும் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் போட வேண்டும். ஊராட்சிக்கும் நகல் வர வேண்டும். இவற்றில் எது முதலில் முழுமையாக நடந்ததோ, அன்றிலிருந்து எண்ணுவார்கள். ஊராட்சிக்கு நகல் வந்த தேதியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால், அதற்கு முன்பே நாளிதழ் விளம்பரத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கும். உங்கள் பக்கம் யாரும் வாங்காத ஒரு நாளிதழில், பதினோராம் பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே அது வந்திருக்கும். கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்த நாளிலிருந்தே வாரம் ஒரு முறை பரிவேஷ் தளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடும் வேலையை ஊரில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் அதிலேயே வரும், ஈ.சி. வருகிறதா இல்லையா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும், தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும். நாள் குறைந்திருந்தால் கூட்டத்திலேயே எழுந்து சொல்லி, நடவடிக்கைக் குறிப்பில் பதிய வையுங்கள். பிறகு மேல்முறையீட்டில் கை கொடுக்கும்.

ஒரு தடவை ஆராய்ந்து சரி என்று கொடுத்த அனுமதிக்கு எதற்குக் கெடு? வெறும் தொல்லைதானே?
– ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், திருச்சி

2012இல் ஈ.சி. வாங்கிய நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் அனல் நிலையங்களுக்குப் புதிய உமிழ்வு வரம்பு வந்தது. 2017 ஜனவரி 1 முதல் நிறுவும் நிலையங்களுக்குப் புகையில் துகள் ஒரு கனமீட்டருக்கு 30 மில்லிகிராம், பாதரசம் 0.03 மில்லிகிராம். தண்ணீர் ஒரு மெகாவாட்-மணிக்கு முதலில் 2.5 கனமீட்டர் என்று சொல்லி, 2018இல் 3.0 ஆக்கினார்கள். பழைய வடிவமைப்பில் புகையிலிருந்து துகளைப் பிடிக்கும் மின்நிலைப் படிவிப்பானுக்கு, நீங்கள் இ.எஸ்.பி. என்று சொல்லிப் பழகியதற்கு, ஐந்து புலம் (துகள் பிடிக்கும் அடுக்கு) போதும் என்று வரைந்திருப்பார்கள். 30 மில்லிகிராமுக்கு அது பற்றுமா என்று மறுபடி கணக்குப் போட வேண்டும். இடம் விடாமல் புகைபோக்கியை ஒட்டி வேறு கட்டடம் எழுப்பியிருந்தால் கூடுதல் புலம் சேர்க்க வழியில்லை. கெடு என்று ஒன்று இல்லாவிட்டால் இந்தக் கேள்விகளை எந்த மேசையிலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பக்கத்தில் புதிதாக வந்த ஆலை, குடியிருப்பு, வற்றிய ஏரி எல்லாம் இதே கணக்குத்தான். ஆனாலும் உங்கள் எரிச்சலில் ஒரு நியாயம் இருக்கிறது. கெடு ஒரே பத்தியில் இருக்க, அதைக் கணக்கிட நாலு திருத்தத்தையும் சில அலுவலகக் குறிப்பாணைகளையும் புரட்ட வேண்டியிருப்பது அவசியமில்லாத தொல்லைதான்.

நீர்மின், அணுமின் நிலையங்களுக்கும் இதே பத்து வருஷமா?
– வாசகி, நாகர்கோவில்

இல்லை. 2022 திருத்தத்தில் நதிப் பள்ளத்தாக்குத் திட்டங்களுக்கு 13 வருஷம், நீட்டிப்பு 2. அணுமின் நிலையத்துக்கு 15, நீட்டிப்பு 5. மலையைக் குடைந்து சுரங்கம் போடும்போது எதிர்பாராத பாறை, ஊற்று, இடிவு வரும் என்பது அமைச்சகமே சொன்ன காரணங்களில் ஒன்று. போராட்டமும் வழக்கும் தனி. அசாம்–அருணாசல எல்லையில் 2,000 மெகாவாட் கீழ் சுபன்சிரி திட்டத்தின் வேலை 2011 டிசம்பரில் நின்று, 2019 அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. அணு உலை இன்னும் மெதுவான சமாச்சாரம். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் கட்டுமானம் தொடங்கியது 2004இல். உலை மையத்தை நிரப்பும் வேலை தொடங்கியது 2024 மார்ச்சில். அணு நிலையத்துக்கு ஈ.சி. போக, இடத் தேர்வு, கட்டுமானம், தொடக்க ஓட்டம், இயக்கம் என்று கட்டத்துக்குக் கட்டம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்.

அமெரிக்காவில் 18 மாதக் கெடு என்று படித்தேன். அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிப்பார்கள்?
– மாணவி, சென்னை

முடிக்க வேண்டியதில்லை, தொடங்கினால் போதும். அங்கே தூய காற்றுச் சட்டத்தின் கீழ் பெரிய மின் நிலையங்கள் வாங்கும் கட்டுமான அனுமதி, 18 மாதத்துக்குள் கட்டுமானம் தொடங்காவிட்டால் செல்லாது. தொடங்கி இடையில் 18 மாதம் நிறுத்தினாலும் செல்லாது. நியாயமான காரணம் காட்டினால் நீட்டிப்பு உண்டு. தளத்தில் வேலை நடக்கிறதா, அல்லது பெரிய நஷ்டமில்லாமல் ரத்து செய்ய முடியாத ஒப்பந்தம் போட்டாயிற்றா என்று பார்ப்பார்கள். நம் ஊர் விதி கடைசிக் கோட்டைப் பார்க்கிறது, அவர்கள் விதி முதல் அடியைப் பார்க்கிறது. இரண்டிலும் ஏமாற்ற வழி உண்டு: அங்கே பேருக்கு ஒரு குழி தோண்டிக் காட்டலாம், இங்கே ஒன்பது வருஷம் சும்மா வைத்திருந்துவிட்டு பத்தாவது வருஷம் நீட்டிப்புக்கு வந்து நிற்கலாம். நடுவில் வேலை நின்றால் அனுமதி போய்விடும் என்ற அவர்களுடைய நிபந்தனை இங்கேயும் இருந்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து. மண்ணடியில் பாதி போட்ட கான்கிரீட் கம்பி நாலு மழைக்காலம் நனைந்து துருப்பிடிப்பதையாவது அது தடுக்கும்.

அந்த அரசுக்கும் கெடு உண்டு. முழுமையான விண்ணப்பம் வந்த ஒரு வருஷத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் அவெனல் என்ற ஊரில் திட்டமிட்ட 600 மெகாவாட் எரிவாயு நிலையத்துக்கு அந்த ஒரு வருஷம் கடந்து, கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. தாமதம் தங்களுடையது என்பதால் பழைய காற்றுத் தரத்தின்படியே 2011இல் அனுமதி கொடுத்தது சுற்றுச்சூழல் முகமை. முடிவெடுக்கும் நாளில் அமலில் இருக்கும் தரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது.

சோலார் நிலையத்துக்கு ஈ.சி. வேண்டாமாமே. அப்படியானால் கெடுத் தொல்லை இல்லைதானே?
– விவசாயி, விருதுநகர் மாவட்டம்

ஈ.சி. வேண்டாம் என்பது சரி. சூரிய ஒளித் தகடு, காற்றாலை இரண்டும் 2006 அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. கெடு வேறு வாசல் வழியாக வரும். மின்சாரம் வாங்குகிறவரோடு போடும் ஒப்பந்தத்தில் உற்பத்தி தொடங்க வேண்டிய தேதி இருக்கும். தாண்டினால் வங்கி உத்தரவாதத்திலிருந்து நாள் கணக்கில் பிடிப்பார்கள். கிரிட் இணைப்புக்கு வாங்கிய அனுமதியைக் காலத்தில் பயன்படுத்தாவிட்டால் அதையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மாநிலம் தாண்டி விற்கும் சோலார் மின்சாரத்துக்கு, 2025 ஜூன் 30க்குள் ஓடத் தொடங்கிய நிலையங்களுக்கு மட்டும் மின்கடத்தல் கட்டணத்தில் முழுத் தள்ளுபடி இருந்தது. அதன் பிறகு வருஷத்துக்கு 25 சதவீதமாகக் கட்டணம் ஏறுகிறது. ஜூலை முதல் வாரத்தில் சிங்க்ரனைஸ் செய்தவர்கள் ஒரு டிரான்ஸ்பார்மர் தாமதத்துக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

நிலத்தைக் குத்தகைக்குக் கொடுப்பவர் நீங்கள் என்றால், பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள்: இத்தனாம் தேதிக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் நிலம் திரும்ப என் கைக்கு வரும் என்று. கம்பெனிக்கு எல்லாரும் கெடு வைக்கிறார்கள், நிலம் கொடுப்பவர் மட்டும் வைப்பதில்லை.

ஈ.சி.யில் நிலக்கரி வரும் இடத்தை மாற்றித் திருத்தக் கடிதம் வாங்கினோம். திருத்தத் தேதியிலிருந்து பத்து வருஷம் எண்ணலாமா?
– வாசகர், சேலம்

எண்ணக் கூடாது. முதல் கடிதத்தின் தேதிதான் கணக்கு.